ஒன்பது மார்க் வாங்கிய வாசகம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மார்க் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த கணக்காளர் அது ஏதோ நீளமான பெயரின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டு, முழுப் பெயர் என்னவாக இருக்கும் என்று சில நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அக்காவின் வேலையே மார்க் போடுவதுதான்.

அவளிடம் மார்க் வாங்கியவர்கள் மாணவர்கள் இல்லை. கணினிக் கருவிகளுக்கு எழுதப்பட்ட விளக்கங்கள். ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று வந்திருக்கிறதல்லவா, நாம் சொல்வதைக் கேட்டு நமக்காகக் கணினிக்குள் ஓடியாடி வேலை பார்ப்பது, அதற்குக் கை கால் கிடையாது. கருவிகள்தான் அதன் கை. டிக்கெட் எடுக்க ஒரு கருவி, எடுத்ததை ரத்து செய்ய ஒரு கருவி, தகவல் அனுப்ப ஒரு கருவி. ஒவ்வொன்றின் மேலும் இரண்டு மூன்று வரி எழுதி ஒட்டியிருக்கும்: இது என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், என்ன கொடுத்தால் ஓடும் என்று. ஏஜென்ட் கருவியைப் பிரித்து உள்ளே பார்க்காது. அந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும். வரிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, என்ன குறை என்று ஒரு குறிப்பும் எழுதி அனுப்புவாள் மார்க் அக்கா.

இதை நாத்தனாரிடம் விளக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அப்ப கம்ப்யூட்டர் படிக்கறதுக்காக ஒருத்தர் எழுதறாரு, அதை நீ திருத்தற. அதானே?"

"அதேதான்."

"மனுஷங்களுக்கு எழுதி ஒட்டுனதையே ஒருத்தரும் படிக்கறதில்ல. கம்ப்யூட்டர் படிக்குதாக்கும்!"

"அதுதான் அண்ணி விசேஷம். அது மட்டும்தான் ஒரு எழுத்து விடாம படிக்குது."

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தாள். அங்கே ஒரு நாள் ஒருவர் காட்டுக் கத்தல் கத்தினார். புத்தகத்தில் போட்டபடி மூடியை நன்றாக இறுக்கி மூடிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறாராம், மெஷின் அசையவே மாட்டேன் என்கிறதாம். பக்கத்தில் இருந்தவர்கள் மெஷினில் கோளாறு என்று எழுதி ஆளை அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு மட்டும் 'இறுக்கி' என்ற வார்த்தை உறுத்தியது. "எந்த மூடி சார்?" என்று கேட்டாள். அவர் இறுக்கி மூடியது சோப்புத் திரவ பாட்டிலின் மூடியை. அதற்கு முந்தின வரி பாட்டிலைத் திறந்து ஊற்றச் சொல்லியிருந்தது. அடுத்த வரி 'மூடியை மூடவும்' என்றது. அவர் செய்ததிலும் தப்பில்லை, எழுதியதிலும் தப்பில்லை. ஆனால் மெஷினின் மூடி திறந்தே கிடந்தது, மெஷின் ஓடவில்லை. அன்று முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. இரண்டு பக்கமும் சரியாக இருக்கும்போது தப்பு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

இப்போதைய அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு பேர் மெத்தை பார்க்கப் போகிறேன் என்று கீழே இறங்குவதும், கன்னத்தில் தையல் கோடு பதிந்து திரும்பி வருவதும் வழக்கம். அவள் போக மாட்டாள். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து விளக்கங்களைப் படித்துக்கொண்டிருப்பாள். மற்றவர்களுக்கு மருந்துச் சீட்டு மாதிரி சலிப்பூட்டும் வரிகள் அவளுக்குத் துப்பறியும் கதை மாதிரி. 'தகவலைப் புதுப்பிக்கும்' என்று ஒருவர் எழுதியிருப்பார். எந்தத் தகவல்? பழையது என்ன ஆகும்? 'அனுப்பும்' என்று ஒருவர். யாருக்கு? அனுப்பியபின் திரும்பப் பிடிக்க முடியுமா? இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதி அனுப்புவாள். எழுதியவர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு திருத்துவார்கள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மேலிடத்தில் நல்ல பேர். அவளுக்கே அந்த நினைப்பு கொஞ்சம் உண்டு.

ஒரு விலங்குக் காப்பகத்தின் கருவிகள் அவளிடம் வந்தன. ஆதரவற்ற நாய், பூனைகளை வைத்துப் பராமரித்து, வளர்க்க விரும்புகிறவர்களிடம் ஒப்படைக்கிற இடம் அது. ஒருவர் ஒரு நாயைக் கேட்டால், அவர் வந்து அழைத்துப் போகும்வரை அதை அவர் பேரில் நிறுத்திவைப்பார்கள். அதே நாயை வேறு யாராவது கேட்டால் அவர்கள் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பதிவு வேலையையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்ட் வைத்தார்கள்.

கருவிகளில் ஒன்றின் பெயர் 'விடுவி'. 'பதிவை விடுவிக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் மூன்று மார்க் போட்டு, எப்போது பயன்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லையே என்று குறிப்பு எழுதினாள். எழுதியவர் சமத்தாகத் திருத்தி அனுப்பினார்: 'ஒருவர் பேரில் உள்ள பதிவை விடுவிக்கும். அவரால் வர முடியாதபோது பயன்படுத்தவும். பதிவு எண் கட்டாயம்.' அவளுக்குப் பரம திருப்தி. ஒன்பது போட்டாள். இன்னொன்று 'நேரம் மாற்று'. அதில் 'வருகை நேரத்தை மாற்றும்' என்ற ஒற்றை வரிதான். நான்கு போட்டுக் குறிப்பு அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. எல்லாம் அப்படியே நடைமுறைக்குப் போய்விட்டது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் நெட்டை அவள் மேசைக்கு வந்து நின்றான். நெட்டை என்பது அங்கே வேலை பார்க்கும் இன்ஜினியர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவன் உள்ளே வந்த நாளை யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, உங்க ஒன்பது மார்க்கு ஒரு நாயையே தூக்கி வேற ஆளுக்குக் குடுத்துடுச்சு."

நடந்தது இதுதான். கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் ஒற்றைக்காது என்ற நாயைத் தன் பேரில் நிறுத்திவைத்திருந்தார். ஒரு காதை எப்போதும் தூக்கியே வைத்திருக்கும் பழுப்பு நாய். அழைத்துப் போக வேண்டிய அன்று அவர் பல் பிடுங்கிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் கிடந்தார். ஏஜென்ட்டுக்கு இப்படி எழுதினார்: 'இன்னிக்கு என்னால வர முடியல. பல்லு புடுங்கியிருக்கு. இன்னிக்கு உள்ளத விட்டுடுங்க. வேற நாள் வரேன்.' ஏஜென்ட் 'விடுவி'யை எடுத்தது. 'பதிவு விடுவிக்கப்பட்டது. வேறு நாள் வரும்போது புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். பல்வலி விரைவில் குணமாகட்டும்' என்று பதிலும் எழுதியது. வரிசையில் அடுத்து நின்ற தம்பதிக்குத் தகவல் போனது. தையல் கடை வைத்திருப்பவர்கள். அன்று சாயங்காலமே வந்து நாயை அழைத்துப் போய்விட்டார்கள்.

மார்க் அக்கா அந்த உரையாடலை வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது.

"இதைப் பாரேன். 'வேற நாள் வரும்போது'ன்னு எழுதியிருக்கு. அவர் திரும்ப வருவாருங்கறது அதுக்குப் புரிஞ்சிருக்கு. புரியாம பண்ணல. புரிஞ்சும் ஏன் இதைப் போய் எடுத்துச்சு?"

"அதையே கேட்டுட்டாப் போச்சு" என்று நெட்டை நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கேட்டார்கள். பயனர் தம்மால் வர முடியாது என்று கூறியதால், இருந்த கருவிகளில் இதுவே பொருத்தமானது என்று ஏஜென்ட் பவ்யமாகச் சொன்னது.

"சரியாத்தானே சொல்லுது?" என்றாள்.

"அப்படியே நம்பிடாதீங்கக்கா. எதைக் கேட்டாலும் அழகா ஒரு காரணம் சொல்லும். நிஜமாவே அதனாலதான் எடுத்துச்சான்னு அதுக்கே தெரியுமோ என்னவோ."

"பின்ன எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"எதையாவது மாத்திட்டு மறுபடி கேட்டுப் பாக்கணும். வேற வழி இல்ல."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறையில் ஒரே மாதிரி மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், காகிதத் துண்டுகளை எடுத்து ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு விளக்கம் எழுதி ஒட்டினாள். பெயர் கிடையாது, விளக்கம் மட்டும். தன்னுடைய சட்டதிட்டப்படிதான் எழுதினாள்.

கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை டீ அவர் பொறுப்பு. சமையலறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, டப்பாக்கெல்லாம் மூஞ்சியில பிளாஸ்திரி போட்டு வச்சிருக்க?"

"திறந்து பாக்கக் கூடாது, முகர்ந்து பாக்கக் கூடாது. எழுதியிருக்கறத மட்டும் படிச்சு எடுத்து டீ போடுங்க."

"எனக்கு டீ குடிக்கணும்மா. பரீட்சை எழுத வரல."

"ஒரே ஒரு தடவைங்க."

டீத்தூளை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் ஒரு டப்பாவில் 'வெண்மையானது. நீரில் கரையும். சுவைக்காகச் சேர்ப்பது' என்று இருந்தது. பக்கத்து டப்பாவில் 'வெண்மையானது. நீரில் கரையும். சுவை குறைவாகத் தோன்றும்போது சிறிது சேர்க்கவும்' என்று இருந்தது. டீயை ஒரு வாய் ருசி பார்த்தார். சுவை குறைவாகத்தான் தோன்றியது. ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கி, மறுபடி ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உப்பும்மா! உப்பு!"

"ஏங்க அதை எடுத்தீங்க?"

"நீதானே எழுதியிருக்க, சுவை குறைஞ்சா போடுன்னு. எனக்குக் குறைஞ்சுது, போட்டேன். அந்த இன்னொண்ணுல எப்ப போடணும்னே இல்லையே."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு துண்டுகளையும் பிய்த்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தனித்தனியாகப் பார்த்தால் உப்பு விளக்கத்துக்குத்தான் கூடுதல் மார்க் போட்டிருப்பாள். அதில்தானே எப்போது பயன்படுத்துவது என்று இருக்கிறது!

"எங்க கடையில கேட்டா சொல்லியிருப்பேனே" என்றார் கணவர், டீயைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டே. "ஒரே மாதிரி பேர் இருக்கற ரெண்டு மருந்தை ஒட்டி வைக்கவே மாட்டோம். வச்சே ஆகணும்னா நடுவுல ஒரு சிவப்பு ஸ்டிக்கர். மருந்து மேல எழுதியிருக்கறது சரியா தப்பாங்கறது இல்ல, பக்கத்துல என்ன நிக்குதுங்கறதுதான்."

"இதை ஏன் இத்தனை நாள் எங்கிட்ட சொல்லல?"

"நீ எப்ப கேட்ட? இப்பவாவது எந்த டப்பா சர்க்கரைன்னு சொல்லு."

மறுநாள் அலுவலகத்தில் அவளும் நெட்டையும் வேலையை ஆரம்பித்தார்கள். கிரேன்காரர் எழுதிய அதே வரிகளைப் பல தடவை ஏஜென்ட்டிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் விளக்கத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றினார்கள். நிஜக் காப்பகம் இல்லை, நெட்டை செய்துவைத்த பொய்க் காப்பகம். அதில் நாய்க்குப் பதிலாக எண்கள் இருந்தன.

முதலில் இரண்டு விளக்கங்களையும் இருந்தபடியே விட்டார்கள். பெரும்பாலும் 'விடுவி'யைத்தான் எடுத்தது. பிறகு 'அவரால் வர முடியாதபோது பயன்படுத்தவும்' என்ற வாக்கியத்தை மட்டும் தூக்கினார்கள். இப்போது பாதிக்கு மேல் 'நேரம் மாற்று' பக்கம் சாய்ந்தது.

"இது நான் கேட்டு வாங்குன வரி" என்றாள். அவள் குரலில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. "மூணு மார்க்கு வாங்கினப்ப ஒழுங்கா இருந்திருக்கும். ஒன்பது ஆக்கினதாலதான் கெட்டுப்போச்சு."

அடுத்தது நெட்டையின் யோசனை. 'விடுவி'யைப் பழையபடி ஒன்பது மார்க் வாசகமாகவே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற 'நேரம் மாற்று'வின் விளக்கத்தை மட்டும் மாற்றினார்கள்: 'வரும் நாளையோ நேரத்தையோ மாற்றும். நாய் அவர் பேரிலேயே இருக்கும். வேறு நாள் வருவதாகச் சொன்னால் இதைப் பயன்படுத்தவும்.' ஓடவிட்டார்கள். ஏஜென்ட் கிட்டத்தட்ட எல்லாத் தடவையும் சரியான கருவியை எடுத்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"'விடுவி'யைத் தொடவே இல்லையேடா நாம!"

"தொடல. பக்கத்து வீட்டுக்காரன் திருந்தினதும் இவனும் ஒழுங்காயிட்டான்" என்றான் நெட்டை.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. 'விடுவி'யின் மேல் எச்சரிக்கை போட்டால் என்ன ஆகும்? 'மிகவும் கவனம்! இதைத் திரும்பப் பெறவே முடியாது!' என்று போட்டுப் பார்த்தாள். ஏஜென்ட் பயந்தேபோனது. 'எனக்கு நாயே வேண்டாம், வெளியூர் போகிறேன்' என்று தெளிவாகச் சொன்னவரிடம்கூட, நிச்சயமாகவா, யோசித்துவிட்டீர்களா, உறுதிதானா என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியது.

"ரொம்ப மிரட்டிட்டோம்க்கா."

"சரி, மிரட்ட வேண்டாம். நடக்கறத நடக்கற மாதிரி சொல்லுவோம். எடுத்தா என்னதான் நடக்கும், சொல்லு?"

நெட்டைக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. விளக்கத்தை எழுதியவரைப் போனில் பிடித்துக் கேட்டார்கள். பதிவு போய்விடும் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. ஒன்பது மார்க் போட்டபோது தனக்கு அந்தக் கருவி செய்யும் காரியம் தெரியாது, எழுதியிருந்த வாக்கியம் மட்டும்தான் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மதியமே காப்பகத்துக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் குரைப்பு காதைப் பிளந்தது. பொறுப்பாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சட்டையெல்லாம் நாய் முடி. சிரித்தால் அறையே கலகலக்கும். கூண்டுகளுக்கு நடுவே நடத்திக்கொண்டுபோய், கதவுகளில் மாட்டியிருந்த சிவப்பு வளையங்களைக் காட்டினார்.

"வளையம் மாட்டியிருந்தா அந்த நாய் ஒருத்தர் பேர்ல நிக்குதுன்னு அர்த்தம். விடுவின்னு வந்தா வளையத்தைக் கழட்டிடுவோம். அதே நிமிஷம் அடுத்தவங்களுக்குத் தானா மெசேஜ் போயிடும். அவங்க சரின்னுட்டா அவ்வளவுதான், நான் நெனச்சாலும் நிறுத்த முடியாது."

"வரிசையில யாரும் இல்லன்னா?"

"வெறும் வளையம்தான் போகும். மறுபடி மாட்டிக்கலாம்."

அப்போ சில சமயம் திரும்பப் பெறலாம், சில சமயம் முடியாது. அவள் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்த ஒரு பெரியவர் உள்ளே வந்தார். பொறுப்பாளர் அவள் காதில் கிசுகிசுத்தார். "அவர்தான்."

அவள் தானே போய் யாரென்று சொல்லிக்கொண்டாள். கிரேன்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நான் வேணாம்னு சொல்லவே இல்லையே. வேற நாள் வரேன்னுதானே எழுதினேன்? ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட புரியுமே."

"அதுக்கும் புரிஞ்சிருக்குங்க ஐயா. நீங்க திரும்ப வருவீங்கன்னுதான் அது நெனச்சிருக்கு. வளையத்தைக் கழட்டினா நாய் கைமாறிடும்னு மட்டும் அதுக்குத் தெரியல. அதை நாங்க யாருமே எழுதி வைக்கல."

அவர் பக்கத்துக் கூண்டில் தொங்கிய வளையத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் கிரேன்ல இருந்தப்ப கீழ நிக்கறவன் கையை ஆட்டுவான். 'விடு'ன்னு காட்டுவான். மெதுவா இறக்கி விடணுமா, அப்படியே கொக்கியை விட்டுடணுமா? தெரியலன்னா நான் எதுவும் பண்ண மாட்டேன். ஹாரனை அடிச்சுக் கேப்பேன்."

"அதையும் எழுதணும்" என்றாள் அவள். "சந்தேகமா இருந்தா கேளுன்னு."

"தையல் கடையில போய் அந்த நாயைப் பாத்தேன்மா" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "திருப்பிக் கேக்கணும்னுதான் போனேன். துணி வெட்டற மேசைக்கு அடியில, வெட்டுத் துணியெல்லாம் குமிச்சு, நடுவுல ராஜா மாதிரி படுத்திருக்கு. என்னை ஏறிட்டுக்கூட பாக்கல. அந்தம்மா டீ குடுத்தாங்க. குடிச்சிட்டு ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்."

மன்னிச்சுக்குங்க என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூண்டுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து 'விடுவி'க்குப் புது விளக்கம் எழுதவைத்தாள். 'நாய் இனி வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போது மட்டும். வரிசையில் வேறு ஆள் இருந்தால் உடனே அவருக்கு வாய்ப்புப் போகும். பிறகு மாற்ற முடியாது. வேறு நாள் வருவதானால் நேரம் மாற்று. எதுவென்று தெளிவாக இல்லையென்றால் அவரிடமே கேட்கவும்.' இதை ஓடவிட்டபோது ஏஜென்ட் அதிகம் பயப்படவும் இல்லை, அவசரப்படவும் இல்லை.

மேலிடத்துக்கு அவள் சொன்ன செய்தி அவ்வளவாக ரசிக்கவில்லை. இதுவரை போட்ட மார்க்கையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும், ஒவ்வொரு விளக்கத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்து வைத்து ஓடவிட்டுப் பார்த்த பிறகே மார்க் என்றால், வேலை பல மடங்கு ஆகுமே என்றார் மேலாளர். ஆகும் என்றாள். சோதனைக்கு நான்கைந்து நிறுவனங்களின் கருவிகளை ஓட்டிக் காட்டினாள். அவள் எட்டு, ஒன்பது போட்டவற்றில் சில மண்ணைக் கவ்வின. ஐந்து போட்டு ஒதுக்கிய ஒன்று ஒரு தடவைகூடத் தவறவில்லை. மேலாளர் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். தன் மார்க் பொய்யானதைக் காட்டி இப்படிச் சந்தோஷப்படும் ஆளை அவர் முன்பின் பார்த்ததில்லை போலிருக்கிறது. நெட்டையைப் பாதி நேரம் அவளோடு வேலை பார்க்க அனுமதித்தார்.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் நெட்டை திரையைத் திருப்பிக் காட்டினான். கிரேன்காரர் இன்னொரு நாயைக் கேட்டிருந்தார். வயதான கறுப்பு நாய். வரிசையில் அதற்கு இன்னொரு ஆளும் காத்திருந்தார். அழைத்துப் போக வேண்டிய அன்று கிரேன்காரருக்குக் காய்ச்சல். ஏஜென்ட்டுக்கு எழுதியிருந்தார்: 'இன்னிக்கு முடியாது. காய்ச்சல். விட்டுடுங்க.' வேறு நாள் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

ஏஜென்ட் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. 'நீங்கள் வரும் நாளை மட்டும் மாற்றட்டுமா, அல்லது நாயே வேண்டாமா? வேண்டாம் என்றால் அது உடனே அடுத்தவருக்குப் போய்விடும்' என்று கேட்டிருந்தது.

பதில் வந்திருந்தது: 'நாய் வேணும். நாய் வேணும். நாய் வேணும்.'

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மெத்தைக் கடையிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த கணக்காளர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"இப்ப போடலாமாக்கா பத்து?" என்றான் நெட்டை.

"ஒரு தடவை சரியா கேட்டதை வச்சு எப்படிடா போடறது?" அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டாள். "காய்ச்சல்னு இல்லாம, 'மனசு சரியில்ல, விட்டுடுங்க'ன்னு ஒருத்தர் எழுதினா என்ன பண்ணும்? குடு அதை. பாப்போம்."